ஸ்வாஹாவில் ஒரு விசில்

என் சித்தப்பாவுக்கு ஊரில் பாதிப் பேருடைய வாய் தெரியும், முகம் தெரியாது. பல் செட் செய்கிற வேலை அவருக்கு. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அந்த அச்சை அவருக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிக் கல்போல் இறுகவைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறைதான் அவர் பட்டறை. உள்ளே போனால் மெழுகு காய்கிற வாசனையும், சுவர் நெடுக அடுக்கிய வெள்ளைத் தாடைகளும்தான். அத்தனை தாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன்.

முதல் சித்தி காய்ச்சலில் போன பிறகு பல வருஷம் தனியாகவே இருந்தார். பிள்ளைகள் இல்லை. கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் அவர். சாயங்காலம் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, "சரிம்மா, நான் வரேன்" என்று ஏதோ வெளியூர் போகிறவர்போலச் சொல்லிக்கொண்டு மாடியேறுவார். கொஞ்ச நேரத்தில் டிவியில் யாரோ யாருக்கோ சமையல் சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்கும். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்று போட்டுவைப்பார்.

அவர் வீட்டு ஜன்னல்களில் தொங்கிய துணி சாயம்போய், என்ன நிறமென்றே சொல்ல முடியாத நிலைமைக்கு வந்திருந்தது. திரைச்சீலைக் கடையில் சொல்லிவிட்டு வந்தேன். அளவெடுக்க ஒரு பெண்மணி வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, ஒல்லி, நெற்றியோரத்தில் மட்டும் நரை. சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக டேப்பை விரித்து, அளவை முணுமுணுத்து மனதிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த வாரம் சித்தப்பா என்னிடம், "திரை எப்ப வரும்?" என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள், "அவங்களே வந்து மாட்டுவாங்களா, இல்ல வேற ஆளு வருமா?" என்றார்.

"ஏன் சித்தப்பா, வேற ஆளு மாட்டினா துணி தொங்காதா?" என்றேன்.

அவர் வேட்டி நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நான் கடைக்குப் போய் அவரிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்தேன். படுக்கையில் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே காலம் ஓடிவிட்டதாம். அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. கல்யாணமே நடக்கவில்லை. "இனிமே எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று சொன்னாரே தவிர, சித்தப்பாவைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, வெளியே ஒரு கடையில் நின்றபடி டீ குடித்து, கல்யாணம் முடிந்தது. எனக்குப் புதுச் சித்தி வந்தார்.

வந்த பிறகு டிவி சத்தம் நின்றது. ஜன்னல்களில் மிளகாய்ப்பழ நிறத்தில் திரை வந்தது. சித்தப்பாவின் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் சித்தி மூலையிலிருந்த சின்ன அறையிலேயே தன் படுக்கையைப் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் குறட்டை தாங்கவில்லை என்று காரணம் சொன்னார். அவர் குறட்டை விடுகிற ஆள்தான். இருந்தாலும், கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிற அளவுக்குக் குறட்டையா? சித்தி பேசும்போது ஏதோ ரகசியம் சொல்கிறவர்போலக் கையை வாயருகே கொண்டுபோவார். சாப்பிடும்போது எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாக உட்காருவார்.

சித்தப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் நானே ஜாடையாகக் கேட்டேன்.

"இந்த வயசுல வீட்ல ஒரு ஆள் இருக்கிறதே பெரிசும்மா. அவளுக்கு அவ்வளவுதான் இஷ்டம்னா அவ்வளவுதான். போட்டுப் படுத்தக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் திரையின் மடிப்பைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

சித்தியின் பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய கடையில் துணி வெட்டுகிற அம்மாவுக்குக் கத்திரி அக்கா என்று பட்டப்பெயர். துணியை வெட்டுவதால் வந்ததா, பேச்சில் வெட்டுவதால் வந்ததா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு மத்தியானம் சித்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"என்னடி, புதுப்பொண்ணு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றார். அப்புறம் உடைந்துவிட்டார். "அவர் நல்லவர்தான் அக்கா. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா என் முகத்தை நிமிர்ந்தே பாக்க மாட்டேங்கறார். பேசினா என் நெத்தியைப் பாத்துப் பேசறார், இல்லன்னா சுவரைப் பாத்துப் பேசறார். என்னைப் பிடிக்கலையோ என்னவோ."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

சித்தி சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திருகினார். "ம்" என்றார்.

"அப்ப விடு. என்கிட்ட ஒரு மந்திரம் இருக்கு. ரதியையும் மன்மதனையும் ஒண்ணாக் கூப்பிடறது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள அன்னியோன்னியம் வரணும்னு சொல்றது. நான் சொல்லிப் பலிச்சது. எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன், இப்ப தினமும் ரெண்டு தடவை போன் பண்றாரு."

"என்ன பேசுவார்?"

"சாவி எங்கன்னு கேப்பாரு. பண்றாருல்ல?"

மிஷின்கள் கடகடவென்று ஓடுகிற சத்தத்துக்கு நடுவே கத்திரி அக்கா காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்க, சித்தி வரிவரியாகப் பிடித்துக்கொண்டார். குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து, நூற்றெட்டு முறை, ஒரு மண்டலம். நடுவில் விடக்கூடாது. மனதுக்குள் முனகக்கூடாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முக்கியமா ஒண்ணு. எழுத்து பிசகக்கூடாது. க்லீம்னா க்லீம், ஸ்வாஹான்னா ஸ்வாஹா" என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

காலையில் சித்தப்பா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, தான் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இருக்கிற நேரத்தைச் சித்தி அதற்கென்று வைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து ஒரு காலை. சித்தப்பா தெருமுனை வரை போனவர், சின்னப் பல்லைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து திரும்பினார். மாடி ஏறினால் சின்ன அறைக்குள்ளிருந்து மந்திரம் கேட்கிறது. சித்திக்கு நல்ல குரல். அவர் நின்றுவிட்டார். நின்றவர் அப்படியே சுவரில் காதை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பிறகு கண்ணாடியையும் எடுக்காமல் நேராகக் கீழே என்னிடம் வந்தார்.

"உன் சித்தி ஏதோ மந்திரம் சொல்றா."

"சொல்லட்டுமே. நல்லதுதானே?"

"அதில்லம்மா. ஸ்வாஹான்னு சொல்றப்ப 'ஸ்ஸ்வீ'ன்னு ஒரு விசில் வருது. க்லீம் சொல்றப்ப உள்ள டக்குனு ஒரு சத்தம். மேல் செட்டு இறங்கி இறங்கி ஏறுது. முன்பல்லு வெச்ச இடமும் தப்பு. ஈறெல்லாம் உரசிப் புண்ணாயிருக்கும். பாவம், எப்படித்தான் சாப்பிடறாளோ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன செட்டு? சித்திக்கா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? மேல வரிசை முழுக்கக் கட்டின பல்லுதானே? ஜன்னல் அளவெடுக்க வந்தாளே, அன்னிக்கே பாத்தேன். குண்டூசியை உதட்டுல வெச்சிருந்தா. பல்லால கடிக்கல. தையல்காரங்க எல்லாம் கடிச்சுத்தான் பிடிப்பாங்க."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"சேச்சே! அவளாச் சொல்லாததை நான் எப்படிக் கேக்கறது? நாள் முழுக்க அடுத்தவங்க வாயோட கெடக்கறவன் நான். வீட்டுக்கு வந்து பொண்டாட்டி வாயையும் உத்துப் பாத்தா அவ என்ன நெனைப்பா? அதான் பேசறப்ப கண்ணை வேற பக்கம் வெச்சுக்குவேன்." இதைப் பெரிய மரியாதை செய்கிற பெருமையோடு சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "அது என்ன மந்திரம்னு மட்டும் கேளேன். என் பேச்சு எடுக்காத. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையோ என்னவோ" என்றார்.

சாயங்காலம் சித்தி துணி உலர்த்துகையில் நான் போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன். பற்களின் பேச்சையே எடுக்கவில்லை. மந்திரம் காதில் விழுந்தது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்துவிட்டது. ஈரத் துண்டை மூன்று தடவை உதறினார். கடைசியில், சொல்லியும் சொல்லாமலும், ரதி, மன்மதன், கத்திரி அக்கா எல்லாரும் வெளியே வந்தார்கள்.

"உங்க சித்தப்பா காதுல மட்டும் போட்டுடாத கண்ணு. மானம் போயிடும்."

"போட மாட்டேன் சித்தி" என்றேன். மறுநாளே மருந்துக்கடை மாடிக்குப் போய்ப் போட்டுவிட்டேன். சில வாக்குகளைக் காப்பாற்றினால் பாவம் வந்து சேரும்.

சித்தப்பா அப்போது மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "என் மேலயா?" என்றார்.

"வேற யார் மேல? மருந்துக்கடைக்காரர் மேலயா?"

அவர் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து மெழுகில் நட்டார். தலைகீழாக நட்டிருந்தார். அதைப் பிடுங்கித் திருப்பி நட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்தக் கதவைச் சாத்தறது குறட்டைக்காக இல்ல. பல்லைக் கழட்டி வெச்சிட்டுத்தானே தூங்கணும். அதுக்காக." பிறகு, "அட பைத்தியமே, அதுக்கா?" என்றார். சித்தியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

உடனே வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் அவருக்கு வாய் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே நாலைந்து நாளைக் கடத்தினார். ஒருநாள் தைரியமாக நிமிர்ந்து சித்தியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். சித்தி பயந்துபோய்ச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதோடு அந்த முயற்சி போயிற்று.

இதற்கிடையில் கடையில் இன்னொன்று நடந்தது. கத்திரி அக்கா, "எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டு பாப்போம்" என்று கேட்டிருக்கிறார். சித்தி சொன்னார். ஸ்வாஹாவில் விசில் வந்தது. கத்திரி அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடி இது, குக்கர் மாதிரி? அதான் பலிக்கல. எழுத்து மாறினா பலனும் மாறும்டி. சேர வெக்கிறது பிரிச்சு வெச்சிடும். சரியாச் சொல்லு, இல்லன்னா விட்டுடு."

அந்த வார்த்தை சித்தியைப் பிடித்துக்கொண்டது. சித்தப்பா திடீரென்று தன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசாமல் இருந்ததற்கும் மந்திரம் தப்பாகப் போனதுதான் காரணம் என்று முடிவே செய்துவிட்டார். மண்டலத்தைப் பாதியில் விடவும் பயம், தப்பாகச் சொல்லவும் பயம். என்ன ஆனாலும் அந்த ஒரு எழுத்தைச் சரிப்படுத்திவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பழகினார். ஸ்வா, ஸ்வா, ஸ்வா. நாக்கை இப்படி வைத்துப் பார்த்தார், அப்படி வைத்துப் பார்த்தார். கடைசியில் வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து ஓங்கி ஒரு 'ஸ்வாஹா' சொன்னார். மேல் செட் வாயிலிருந்து கிளம்பிப் போய்க் கைகழுவும் தொட்டியில் விழுந்து, நட்டநடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது.

சித்தப்பா வந்து என்னைக் கூப்பிட்டபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "சீக்கிரம் வாம்மா. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அழற சத்தம் கேக்குது" என்றார். கை மாவோடு ஓடினேன். சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது.

"என்ன ஆச்சும்மா?" என்று கேட்டார் சித்தப்பா, கதவைத் தொட்டுக்கொண்டு.

உள்ளேயிருந்து துணியால் பொத்தின குரல் வந்தது. "ஒண்ணுமில்ல. பல்லு வலி. தூங்கினா ஷரியாயிடும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி கேட்டார்:

"எந்தப் பல்லும்மா?"

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மேலயா, கீழயா?"

"... மேல."

"மேல வலிக்கணும்னா அங்க பல்லு இருக்கணுமேம்மா."

சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் ஒரு அடி பின்னால் வந்தார். உள்ளே அழுகை நின்றுவிட்டது. நான் கையில் ஒட்டின மாவை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றது உள்ளேயிருந்து.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ ஏணி மேல நின்னியே, அப்பலேர்ந்து."

"தெரிஞ்ஷுமா கட்டிக்கிட்டீங்க?"

சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. "ஏன், அதுக்கென்ன? எனக்கு அதுதானே தொழிலு?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவரும் சொன்னது சரியில்லை என்று உணர்ந்திருக்க வேண்டும். கதவோரமாகத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரு. நீ எதையோ மறைக்கறேன்னு நான் மறைஞ்சு நின்னேன். நீ கூச்சப்படக்கூடாதுன்னு உன் முகத்தையே பாக்காம இருந்தேன். பாக்கணும்னு இல்லாம இல்ல. எவ்வளவோ நாள் நீ திரும்பிக்கிட்டு நிக்கறப்ப பாத்திருக்கேன். உன் பின்னந்தலையை எனக்கு நல்லாத் தெரியும்."

உள்ளே ஒரு விசும்பல். "நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனைச்ஷேன்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். குறட்டைன்னியே."

"குறட்டையும்தான்" என்றார் சித்தி.

சித்தப்பா சிரித்துவிட்டார். அதற்கு மேல் நான் அங்கே நிற்பது நாகரிகமில்லை. படியில் இறங்க ஆரம்பித்தேன். ஆனால் மெதுவாகத்தான் இறங்கினேன். பாதிப் படியில் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

உடைந்த செட்டை அவர் அன்று மத்தியானத்துக்குள்ளேயே ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். கையில் கொடுக்கும்போது, "இதைக் கொஞ்ச நாள் போட்டுக்கோ. இது உனக்குன்னு செஞ்சது இல்ல. அவசரத்துக்கு எவனோ செஞ்சிருக்கான். பல்லு ஒரு அளவு பெரிசு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. நான் உனக்குப் புதுசு செய்யறேன்" என்றாராம். அம்மாவைப் பார்த்துக்கொள்கிற நாட்களில் சித்தி தன் ஈறு வீங்கியதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது மேல்வரிசையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஓடி ஓடிப் போய் மாட்டிக்கொண்டு வந்த பல் அது. அத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத இந்தக் கதையைச் சித்தி அன்றைக்குச் சொல்லி முடித்தார்.

சித்தப்பா டாக்டர் இல்லை. வாயில் அளவெடுக்கிற வேலை அவருடையதில்லை. அதனால் தான் வழக்கமாக வேலை செய்து கொடுக்கிற பல் டாக்டரம்மாவிடம் சித்தியை அழைத்துப் போனார். நாற்காலியில் சாய்ந்து சித்தி வாயைத் திறந்ததும், பக்கத்தில் நின்ற சித்தப்பா கூரையைப் பார்த்தாராம். "நீங்க இப்ப பாக்கலாம்" என்று சித்தி சொல்ல முயன்று, வாய் நிறைய அளவு மாவு இருந்ததால் உளறலாக வந்ததாம். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

மெழுகில் பல்லை நிறுத்தி, வாயில் வைத்துப் பார்ப்பது என்று ஒரு கட்டம் உண்டு. உதடு எப்படி நிற்கிறது, பேச்சு எப்படி வருகிறது என்று பார்த்துப் பல்லை நகர்த்துவார்கள். டாக்டரம்மா ஒருமுறை பார்த்துச் சரி என்றுவிட்டார். சித்தப்பாவுக்குத் திருப்தி இல்லை. சித்தியைத் தன் பட்டறைக்கே வரச்சொன்னார். சாயங்காலம் கடை முடிந்ததும் சித்தி அங்கே போவார். வெள்ளைத் தாடைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்காருவார். எதிரில் சித்தப்பா, முழங்காலோடு முழங்கால் இடிக்க.

"ஏதாவது பேசு. ஸ வர்ற மாதிரி."

"என்ன பேசறது?"

"அதான் தெனமும் சொல்றியே. அதைச் சொல்லு."

"அதையா? இங்கயா? உங்க முன்னாலயா?"

"பின்ன யாருக்குச் சொன்ன?"

சித்திக்கு முதல் நாள் குரலே எழும்பவில்லை. கத்திரி அக்கா சொன்ன விதிகளில் புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று ஏதாவது உண்டா என்று யோசித்திருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ரதியும் மன்மதனும் வந்து போனார்கள். ஸ்வாஹாவில் விசில். சித்தப்பா, "இரு" என்று கட்டைவிரலால் அவருடைய மேலுதட்டை மெல்லத் தூக்கி, முன்பல்லை நகக்கண் அளவு உள்ளே தள்ளி, "ம், இப்ப" என்றார். மறுபடி மந்திரம். "நாக்கு எங்க தொடுது? இங்கயா? இங்கயா?" மறுபடி. மெழுகு உடம்புச் சூட்டில் இளகிவிடும் என்று குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நனைத்து வைப்பார். விரலும் சில்லென்று இருக்குமாம். சித்தி இதை என்னிடம் சொன்னபோது தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாளில் முடிகிற வேலை அது. சித்தப்பா ஒரு வாரம் செய்தார். மண்டலம் அந்தப் பட்டறையில்தான் நிறைந்தது. இரண்டாம் நாளிலிருந்தே சித்தி கண்ணை மூடவில்லை.

நடுவில் ஒருநாள் அவர் கேட்டார், "உன்னோட சொந்தப் பல்லு எப்படி இருந்துச்சு?"

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. சித்தி யோசித்துச் சொன்னார். "அவ்வளவு வெள்ளையா இருக்காது. கொஞ்சம் பழுப்பு. அப்புறம் இந்தப் பக்கம்," என்று இடது ஓரத்தைக் காட்டி, "ஒரு தெத்துப்பல்லு இருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. சின்ன வயசுல அதை வெச்சு என்னை எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

"உனக்குப் பிடிக்குமா அதை?"

"போன பிறகுதான் பிடிச்சுது."

செட் தயாராகி டாக்டரம்மாவின் கைக்குப் போனது. அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க வேலையில நான் குத்தம் சொன்னதே இல்ல. ஆனா இங்க ஒரு பல்லு கோணலா நிக்குதே?"

"அது ஆர்டர், டாக்டர்" என்றார் சித்தப்பா.

அதைப் போட்டுக்கொண்டு சித்தி முதலில் வந்தது என்னிடம்தான். வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்னவோ அவரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. இடது ஓரத்தில் அந்தத் தெற்றுப்பல், விஷமம் செய்துவிட்டு எட்டிப் பார்க்கிற மாதிரி. அதற்குள் சின்ன அறையிலிருந்த படுக்கை வெளியே போய், அங்கே தையல் மிஷின் வந்திருந்தது. பெரிய அறையில் ஜன்னலோர மேஜையில் சித்தப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஏதாவது கேட்கப் போனால், சித்தி பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். நான் வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிடுவேன்.

கத்திரி அக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்து, "பாத்தியா, பலிச்சுதா இல்லையா?" என்று கேட்டு டீ குடித்துவிட்டுப் போனார். பல்லால் வந்ததா, மந்திரத்தால் வந்ததா என்று நான் சித்தப்பாவைச் சீண்டினேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. "மந்திரம்தான். அவ வாய்விட்டுச் சொல்லலைன்னா நான் எதைக் கேட்டிருக்கப் போறேன்?" என்றார்.

இப்போது அவரும் சேர்ந்து சொல்கிறார். காலையில் குளித்துவிட்டு இருவரும் கிழக்குப் பக்கத்து ஜன்னல் முன்னால் உட்காருவார்கள். சித்திக்கு எழுத்து சுத்தம். ஸ்வாஹா மணி அடித்த மாதிரி விழும். சித்தப்பாவுக்குத்தான் நாக்கு புரளாது. சொந்தப் பல் முப்பத்திரண்டும் இருந்து என்ன பிரயோஜனம்? க்லீம் என்பது அவர் வாயில் 'க்ளீன், க்ளீன்' என்றுதான் வருகிறது.

"ஏங்க, க்ளீன் இல்ல. க்லீம். ம்... ம்! கடைசியில உதட்டை மூடணும்."

"க்ளீன்."

"ஐயோ, உதட்டை மூடுங்கன்னா!"

"எப்படி மூடறது? காட்டு."

அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு மாடியிலிருந்து ஒரு சத்தமும் வராது. கீழே நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.